சொந்தக்காரர் இல்லாத ரோட்டு

இதை நான் எழுதாமலே விட்டிருப்பன். தமிழ்ப் பள்ளிக்கூடத்துக்கு நான் போனது ஏழாம் வகுப்பு வரைக்குந்தான். சனிக்கிழமை காலமை அங்க வகுப்பு, அதே நேரத்தில மைதானத்தில பந்து. பந்துதான் வெண்டது. அதனால பிழை கிழை கிடந்தா பேசாமத் தாண்டிப் போங்கோ.

எழுத வெளிக்கிட்டதுக்கு ஒரே காரணம், நடந்த கதையை அம்மா போனில வேற மாதிரிச் சொல்லத் தொடங்கிட்டா. போன கிழமை கேட்டதில எங்கட கூடாரத்துக்குப் பக்கத்தில ஒரு கோட்டை வந்திட்டுது. இன்னும் ரெண்டு மாசம் விட்டா நான் பிரான்சில ஆரையோ ஆத்தில இருந்து இழுத்துக் காப்பாத்தியும் இருப்பன். அதுக்கு முதல் நடந்ததை நடந்தபடி எழுதி வைப்பம் எண்டு பாத்தன்.

அம்மாவின்ர கதை சொல்லிற வியாதி அஞ்சு வருஷத்துக்கு முந்தித் தொடங்கினது. அப்ப நான் ஒரு பெரிய ஃபேக்டரியில அவுஸ்பில்டுங் செய்துகொண்டிருந்தன். வேலையும் பழகி, இடையில பள்ளிக்கூடமும் போய், கடைசியில சோதினை எழுதிப் பாஸ் பண்ணிற அலுவல். ரெண்டாம் வருஷம் பள்ளிக்கூட வாத்தியாருக்கும் எனக்கும் சரிவரேல்லை. அவர் பலகையில கீறின மோட்டருக்கு நான் மீசை வைச்சனான். அது ஒண்டுதான் காரணம் எண்டு சொன்னா நீங்கள் நம்ப மாட்டியள், நம்பவும் வேண்டாம். சோதினையில ரெண்டு தரம் விழுந்தன், விட்டிட்டு வந்து இஞ்ச ஜேர்மனியில, வுப்பர்டாலிலயே ஒரு டயர்க்கடையில சேர்ந்தன். இண்டைக்கும் அங்கதான். குளிர்கால டயரைக் கழட்டி வெயில்கால டயர் பூட்டிறது, வெயில்கால டயரைக் கழட்டி குளிர்கால டயர் பூட்டிறது. உலகம் சுத்திறதே எங்களாலதான்.

ஆனா அம்மா முதல் வருஷமே பிரான்சுக்குப் போன் எடுத்து "மகன் வேலை பழகிறான்" எண்டு சொல்லியிருந்தவ. அது கொஞ்ச நாளில "படிக்கிறான்" எண்டு மாறிச்சுது. பேந்து "எஞ்சினியருக்குப் படிக்கிறான்." நான் விட்டிட்டன், போனுக்குள்ள இருந்த அந்தப் பெடியன் விடேல்லை. நான் டயர் உருட்டிற நேரத்தில அவன் ஒவ்வொரு சோதினையா பாஸ் பண்ணிக்கொண்டே போனான். எங்கட அப்பா தன்ர ஷிஃப்டும் தன்ர நித்திரையும் எண்டு இருப்பார், இதுக்குள்ள வரமாட்டார்.

பிடிபட்டா எனக்கு ஒண்டுமில்லை. கை முழுக்கக் கறுப்போட திரியிறவனுக்கு முகத்தில இன்னும் கொஞ்சம் கரி பூசினா என்ன? எனக்குப் பயம் அம்மாவை நினைச்சுத்தான். பிரான்சில இருக்கிற எங்கட சனத்தோட பின்னேரம் போனில கதைக்கிறதுதான் அவவுக்கு நாள். ஒருக்கா "புளுகி" எண்டு பேர் விழுந்துதோ, பிறகு அவ "இஞ்ச மழை" எண்டு சொன்னாலும் அங்க ஒருத்தரும் நம்பாயினம். அதனால மூண்டு வருஷமா நான் பிரான்சில கால் வைக்கேல்லை. கலியாணம், பெட்டையள் பெரிசானதுக்குச் செய்யிற சாமத்தியவீடு எல்லாத்துக்கும் "சோதினை" எண்டு சொல்லி நிண்டிட்டன். உண்மையில எழுதின சோதினையை விட இந்தச் சோதினைகள்தான் கூட.

இப்பிடி இருக்கேக்கைதான் கோயம்புத்தூர்க்காரன் வந்து "பிரான்ஸ் போலாமாடா?" எண்டான்.

இவன் டுசல்டோர்ஃபில ஒரு கொம்பனியில உண்மையான எஞ்சினியர். எங்கட கடைக்கு டயர் மாத்த வந்தவன். நான் அவன்ர காருக்குக் கீழ கிடந்து தமிழில ஒரு தூஷணம் சொல்ல, "ப்ரோ, தமிழா?" எண்டு குனிஞ்சு பாத்தவன். அண்டையில இருந்து சிநேகிதம். அம்மாவுக்கு இவனில உயிர். வீட்ட வந்தா எனக்கு ஒரு முட்டை, அவனுக்கு ரெண்டு.

"டெய்லி எட்டு மீட்டிங்டா. காது வலிக்குது. ஒரு டென்ட், ஒரு ஏரி, ஆள் அரவம் இல்லாத ரோடு. அவ்வளவுதான். மோட்டார்வே வேணாம். சின்னச் சின்ன ரோடா, குவயட்டா போலாம்."

"உனக்குச் சத்தம் இல்லாத ரோட்டு வேணும்," எண்டன். "எனக்குச் சொந்தக்காரர் இல்லாத ரோட்டு வேணும்."

அவனுக்கு விளங்கேல்லை. எங்கட ஆக்களின்ர வீட்டைத் தாண்டி, அதுவும் இருபது கிலோமீற்றருக்குள்ள, இறங்காமப் போனா அது அடிபாட்டில கொண்டுபோய் விடும் எண்டு விளக்கினன். தாண்டினதை அவையள் எப்பிடி அறிவினம் எண்டு கேட்டான். "அறிவினம்," எண்டன். அதுக்கு மேல எனக்கே தெரியாது.

சிக்கல் என்னெண்டா, ஆர் எங்க இருக்கினம் எண்டு எனக்கு முழுசாத் தெரியாது. சின்னனில காரின்ர பின் சீற்றில நித்திரையாப் போய் நித்திரையா வந்தவனுக்கு என்ன தெரியும்? தெரிஞ்ச ஒரே ஆள் அம்மா. அப்ப நான் செய்த வேலையை இப்ப நினைச்சாலும் சுவரில தலையை இடிக்க வேணும் போல இருக்கு. நேர குசினிக்குள்ள போய்க் கேட்டன்.

"அம்மா, பிரான்சில எங்கட ஆக்கள் எந்தெந்த ஊரில இருக்கினம்?"

அகப்பை அப்பிடியே சட்டிக்குள்ள நிண்டுது.

"ஏன் ராசா?"

ராசா! ஃபேக்டரியை விட்ட நாளில இருந்து என்ர பேர் "உவன்" தான். ராசா எண்டு கேட்டு மூண்டு வருஷம்.

"சும்மா. நானும் அவனும் அந்தப் பக்கம் கூடாரம் அடிக்கப் போறம்."

"ஓம், ஓம். போகத்தானே வேணும்." ஊர் ஊரா, பஸ் கொண்டக்டர் மாதிரி சொல்லத் தொடங்கிட்டா. பாரிசைச் சுத்தி ஏழு வீடு. ரேம்ஸில மாமா. நான்சியில பெரியம்மாவின்ர மகள். ஸ்ட்ராஸ்பூர்க்கில நாலு வீடும் ஒரு கோயிலும். தெருப் பேர், மாடி, கீழ் மணியில எந்தப் பட்டன் எல்லாம் வந்துது. நான் எழுதி முடிக்க அவ வேற ஒண்டும் கேக்கேல்லை. எப்ப போறாய், ஏன் போறாய், அங்க கக்கூஸ் இருக்கோ, ஒண்டும் இல்லை.

அம்மா ஒரு விஷயத்தை மூண்டு தரம் கேக்காம விட்டா அதுக்குள்ள ஏதோ இருக்கு. அண்டு பின்னேரம் முழுக்க அவவின்ர போன் பிஸி. நான் அறைக்குள்ள போனா "பிறகு எடுக்கிறன்" எண்டு வைச்சிடுவா. அப்பவே எனக்குப் பொறி தட்டியிருக்க வேணும். தட்டினதுதான். ஆனா என்ன செய்யிறது, பட்டியலை வாங்கியாச்சு.

கோயம்புத்தூர்க்காரன் கடதாசி மேப் ஒண்டு கொண்டுவந்தான். நான் சிவப்புப் பேனையால பொட்டு வைச்சன். வைச்சு முடிய பிரான்சுக்கு அம்மாள் வருத்தம் வந்து கொப்பளிச்ச மாதிரி இருந்துது.

"நான்சி வழியா?"

"பொட்டு."

"ரேம்ஸ்?"

"மாமா. விடமாட்டார், சோறு குழைச்சு வாயில தீத்துவார்."

"ஸ்ட்ராஸ்பூர்க் அழகா இருக்கும்டா."

"கோயில் மேளச் சத்தத்தில உனக்குக் காது இன்னும் வலிக்கும்."

கடைசியில நடுவில ஒரு நேர்க்கோடு அளவுக்கு வெள்ளை இடம் கிடந்துது. லக்ஸம்பூர்க் தாண்டி வெர்டன், பிறகு வயலும் காடுமாக் கீழ இறங்கி, லாங்கிரே எண்டு ஒரு ஊர். அப்பிடித்தான் நாங்கள் வாசிச்சனாங்கள், பிரஞ்சுக்காரர் என்னெண்டு சொல்லுவினமோ தெரியாது. அதுக்குப் பக்கத்தில ஏரிகள்.

"வெர்டன்ல உங்காளுங்க யாரும் இல்லையா?"

"அங்க செத்துப்போன பட்டாளக்காரர் மட்டுந்தான். அவை ஆரின்ர மகன் எண்டு கேக்க மாட்டினம்."

"எல்லாரும் மேப்ல டிராஃபிக் பாப்பாங்க," எண்டு சிரிச்சான். "நீ சித்தப்பா பாக்குற."

வெளிக்கிடிற அண்டு அம்மா ஒரு பெட்டி தந்தா. திறந்து பாத்தா கறி வைச்சுச் சுருட்டிப் பொரிச்ச ரோல்ஸ். எண்ணினன். நாப்பது.

"ரெண்டு பேருக்கு ஏனம்மா நாப்பது?"

"அஞ்சு நாள். ஆளுக்கு நாளுக்கு நாலு."

ரெண்டு பேர், அஞ்சு நாள், நாலு. கணக்குச் சரியா நாப்பது. எனக்குச் சந்தேகம் வந்ததே அதிலதான். அம்மா சமைச்சு ஒருநாளும் கணக்குச் சரியா வந்ததில்லை. பத்துப் பேருக்கு எண்டா பதினேழு பேருக்குச் சமைக்கிற மனுசி. கேள்வி வரும் எண்டு முதலே விடை பாடமாக்கி வைச்சிருந்திருக்கிறா. நான் பள்ளிக்கூடத்தில செய்யாத வேலை.

கோயம்புத்தூர்க்காரன் "தேங்க்ஸ் ஆன்ட்டி" எண்டு பெட்டியை வாங்கினான். அம்மா அவனைக் கொஞ்சம் அங்கால கூட்டிக்கொண்டு போய், "கவனமா ஓட்டுங்கோ தம்பி" எண்டு ஏதோ மெதுவாச் சொன்னா. அவன் தலையாட்டினான். கவனமா ஓட்டச் சொல்லிறதை ஏன் மெதுவாச் சொல்ல வேணும்?

லக்ஸம்பூர்க்கில எண்ணெய் அடிக்க நிப்பாட்டேக்க, குளிருக்கு என்ர படுக்கைப் பையை எடுத்தன். பாரமா இருந்துது. உள்ளுக்க ஒரு பார்சல். பழைய பேப்பர் சுத்தி, அதுக்கு மேல பிளாஸ்டிக் சுத்தி, அதுக்கு மேல பழுப்பு டேப்பால முழுக்க ஒட்டி. மணந்து பாத்தன். வறுத்த மிளகாய்த்தூள். ரெண்டு கிலோ இருக்கும்.

"இது எதுக்குடா?"

"ஏரியில மீன் பிடிச்சா கறி வைக்கலாம்ல," எண்டான் இவன், கண்ணாடியைத் துடைச்சுக்கொண்டு.

"டேப் சுத்தின தூள் கறிக்கு இல்லையடா. டேப் சுத்தினா அது ஆருக்கோ போகுது."

அவன் காரின்ர பின் கண்ணாடியையும் துடைக்கப் போனான்.

பிரான்சுக்குள்ள சின்ன ரோட்டில ஏறினம். வடிவான ரோட்டு, இல்லையெண்டு சொல்ல மாட்டன். ரெண்டு பக்கமும் உயரமான மரம், அறுத்த வயல், நாலு வீட்டுக்கு ஒரு தேவாலயம். ஆனா எல்லா வீட்டு ஜன்னலும் பூட்டு. தெருவில சனம் இல்லை, நாய் கூட இல்லை. ஒரு ஊரில பாண் விக்கிறதுக்கு ஆளில்லை, தெருவோரம் ஒரு மெஷின் நிக்குது. காசு போட்டா நீட்டுப் பாண் ஒண்டு கீழ விழுது. கோயம்புத்தூர்க்காரன் "பீஸ்ஃபுல், பீஸ்ஃபுல்" எண்டு மூச்சு இழுத்துக்கொண்டு வந்தான். எனக்கு அந்த அமைதியிலயும் நம்பிக்கை வரேல்லை. எங்கட வீட்டில இப்பிடிச் சத்தமில்லாம இருந்தா, ஒண்டு ஆரோ கோவம், இல்லாட்டி ஆரோ கதவுக்குப் பின்னால நிண்டு கேக்கினம்.

வெர்டனுக்கு அங்கால ஒரு சின்னப் பட்டினம். தண்ணி வாங்கக் கடைக்குள்ள போனம். கதவைத் திறக்க ஊதுபத்தி வாசம். எனக்குக் கால் அப்பிடியே நிண்டிட்டுது. கல்லாவில திருநீறோட ஒரு ஐயா.

"தம்பியவை தமிழோ? எந்த இடம்?"

மேப்பில பொட்டில்லாத இடத்திலயும் கடை போட்டிருக்கினம்! அடுத்த கேள்வி "ஆரின்ர மகன்" எண்டு எனக்குத் தெரியும். நான் முந்திக்கொண்டு, "நான் சென்னைங்க," எண்டன்.

கோயம்புத்தூர்க்காரன் என்னைத் திரும்பிப் பாத்தான்.

"சென்னையில எங்க?"

"ஏர்போர்ட் பக்கத்துலங்க. தண்ணி ரெண்டு போத்தில் தாங்க."

ஐயா போத்திலை வைச்சார். என்னைக் காலில இருந்து தலைக்கு ஒருக்காப் பாத்தார். "சென்னையிலயும் இப்ப போத்தில் எண்டோ சொல்லினம்?" எண்டார். நான் மிச்சக்காசைக் கூட வாங்காம ஓடிவந்திட்டன்.

காருக்குள்ள இவன் வயித்தைப் பிடிச்சுச் சிரிச்சான். "ஏர்போர்ட்ல பொறந்தவன்டா நீ!"

"சிரி. அந்தாள் இப்ப ஆருக்கோ போன் எடுத்திருக்கும்."

ஏரிக்குப் போய்ச் சேர்ந்து கூடாரம் அடிச்சம். எங்களுக்கு ஒரு பக்கம் ஒல்லாந்துக்கார வயதான சோடி, மற்றப் பக்கம் தண்ணி. இவன் கதிரையைப் போட்டு ஏரியைப் பாத்தபடி இருந்தான். நான் கதிரையைத் திருப்பிப் போட்டு ரோட்டைப் பாத்தபடி இருந்தன். பிரான்ஸ் கார் இலக்கத் தகட்டில வலது பக்கத்தில ரெண்டு இலக்கம் இருக்கும், எந்த மாவட்டம் எண்டு. தொண்ணூத்தி மூண்டு, தொண்ணூத்தி அஞ்சு எண்டா பாரிஸ் பக்கம், எங்கட சனம் குவிஞ்ச இடம். வாற ஒவ்வொரு காரின்ர தகட்டையும் பாத்தன். முதல் நாள் முழுக்க அம்பத்திரண்டு. உள்ளூர். நிம்மதியா எட்டு ரோல்ஸ் சாப்பிட்டன்.

ரெண்டாம் நாள் மத்தியானம், ஒரு வெள்ளை வான், மெதுவா, ஒவ்வொரு கூடாரமாப் பாத்துப் பாத்து வந்துது.

தொண்ணூத்தி அஞ்சு.

கூடாரத்துக்குள்ள பாய முதலே கதவு திறந்துது. அப்பாவின்ர தம்பி. என்ர சித்தப்பா. பாரிசில ஒரு ரெஸ்டோரண்ட் குசினியில வேலை, கிழமையில ஒருநாள்தான் லீவு. அந்த ஒருநாளில மூண்டு மணித்தியாலம் ஓடி வந்திருக்கிறார். துவாயால சுத்தின ஒரு சட்டி கையில.

"டேய் எஞ்சினியர்! காட்டுக்குள்ள ஒளிச்சா விட்டிடுவனே? நண்டு கொண்டந்தனான், வா."

கோயம்புத்தூர்க்காரன் எழும்பி, "வணக்கம் அங்கிள்," எண்டு மூண்டாவது கதிரையை விரிச்சான். நாங்கள் ரெண்டு பேர். எதுக்கு மூண்டு கதிரை கொண்டந்தான் எண்டு அப்பதான் யோசிச்சன்.

நண்டும் மெஷின் பாணும் சாப்பிட்டம். சித்தப்பா ரோல்ஸ் அஞ்சு உள்ளுக்க விட்டார். தூள் பார்சலைக் கண்டதும் "இது சித்திக்கு அண்ணி அனுப்பினது" எண்டு கேக்காமலே எடுத்து வானுக்குள்ள வைச்சார். பிறகு கையைத் துடைச்சுக்கொண்டு எனக்குக் கிட்ட வந்து இருந்தார்.

"ஒரு அலுவலாத்தான் வந்தனான். என்ர மகள், உன்ர தங்கச்சி, பள்ளிக்கூடத்தை விடப்போறாளாம். கேக் செய்யப் பழகப் போறாளாம். பேக்கரியில இடமும் பிடிச்சு வைச்சிருக்கிறாள். நான் மூண்டு வருஷமா உன்னைக் காட்டித்தான் அவளை ஏசுறனான். 'ஜேர்மனி அண்ணையைப் பார், ஜேர்மனி அண்ணையைப் பார்' எண்டு. இப்ப சொல்லிறாள், அந்த அண்ணை சொன்னாப் படிக்கிறன் எண்டு. போன் போட்டுத் தாறன். படி எண்டு ஒரு சொல்லுச் சொல்லு. எஞ்சினியர் சொன்னாக் கேப்பாள்."

எனக்கு வாயில நண்டுக்கால். கடிக்கவும் ஏலாது, துப்பவும் ஏலாது.

போனுக்குள்ள இருந்த அந்தப் பெடியன் இவ்வளவு காலமும் சும்மா இருக்கேல்லை. பாரிசில ஒரு பெட்டையை நாள்தோறும் ஏச்சு வாங்க வைச்சுக்கொண்டிருந்திருக்கிறான். நான் கோயம்புத்தூர்க்காரனைப் பாத்தன். அவன் ஏரியைப் பாத்தான்.

"சித்தப்பா," எண்டன், "நான் எஞ்சினியர் இல்லை. டயர்க்கடையில வேலை. அவுஸ்பில்டுங்கை அரைவாசியில விட்டனான்."

சித்தப்பா ஒரு செக்கன் என்னைப் பாத்தார். பிறகு தொடையில அடிச்சுச் சிரிச்சார் பாருங்கோ, ஒல்லாந்துக்காரர் திரும்பிப் பாத்தினம்.

"உன்ர பகிடி விடேல்லையடா இன்னும்! நீ கடைசியா வந்த கலியாணத்தில மாப்பிள்ளைக்கு வயித்தால போகுது எண்டு சொல்லிச் சபையைக் கலைச்சனீயெல்லே!"

"இல்லைச் சித்தப்பா, உண்மையா."

"பொறு, இப்பவே கேப்பம்." அம்மாவுக்குப் போனைப் போட்டு ஸ்பீக்கரில வைச்சார். "அண்ணி, இவன் தான் டயர்க்கடையில வேலை எண்டு என்னைப் பேக்காட்டிறான்!"

அங்கால சட்டி பொரியிற சத்தம் மட்டும். கதவுப் பிடியில கை வைச்சுக்கொண்டு திறக்கிறதோ பூட்டிறதோ எண்டு நிப்பமே, அவ்வளவு நேரம். பிறகு அம்மா சொன்னா, "அவன் பகிடிக்குச் சொல்லுவான் தம்பி. சின்னனில இருந்தே அப்பிடித்தானே."

பூட்டிட்டா.

என்ர வாழ்க்கையில நான் சொன்ன ஒரே உண்மையை ஒருத்தரும் நம்பேல்லை. கோவிக்கவும் ஏலாது, இருபத்தி நாலு வருஷமா நான் வைச்ச வேட்டு எனக்கே வெடிக்குது. சித்தப்பா சந்தோஷமா எழும்பி, வழியில இருந்து தங்கச்சியையும் என்னையும் போனில சேர்த்து விடுறன் எண்டு வானுக்குப் போனார். வானைப் பின்னுக்கு எடுக்க ஸ்டியரிங்கை வெட்டினார்.

முன் இடது டயர் எனக்கு நேர திரும்பிச்சுது.

"நிப்பாட்டுங்கோ! சித்தப்பா, நிப்பாட்டுங்கோ! அப்பிடியே முழுக்க வெட்டிப் பிடியுங்கோ."

மண்ணில படுத்தன். உள்விளிம்பு முழுக்கத் தேஞ்சு, றப்பர் போய், கம்பி மயிர் மாதிரி வெளிய நிக்குது. வெளியால பாத்தா புது டயர் மாதிரித்தான் தெரியும்.

"உதோட மோட்டார்வேயால வந்தனீங்களோ? எவ்வளவில ஓடினனீங்கள்?"

"நூத்தி இருபது... ஏன்டா?"

"திரும்பிப் போயிருக்க மாட்டியள்."

இதில பகிடி இல்லை எண்டு அவருக்கு என்ர குரலில விளங்கியிருக்க வேணும். இறங்கி வந்தார். ஸ்பெயார் டயரைக் கீழ இறக்கினன். பக்கத்தில இருக்கிற நாலு இலக்கத்தைப் பாத்தன், எந்தக் கிழமை எந்த வருஷம் செய்தது எண்டு அதில இருக்கும். "பதினாலு வயசு. இவருக்குச் சாமத்தியவீடு செய்திருக்கலாம். மெதுவா ஓடினா வீடு போய்ச் சேரும்." போல்ட்டை இளக்கிப்போட்டு ஜாக்கை வைச்சன், கழட்டினன், பூட்டினன், இறக்கிப்போட்டு ஒண்டுக்கு எதிர் ஒண்டா இறுக்கினன். கோயம்புத்தூர்க்காரன் உதவிக்கு வந்து போல்ட்டை மறுவளமாத் திருப்பினான். உண்மையான எஞ்சினியர் அவன்தான், ஞாபகம் வைச்சிருங்கோ.

எழும்பிக் கையைப் புல்லில துடைச்சன். சித்தப்பா டயரைப் பாக்கேல்லை, என்ர கையைத்தான் பாத்துக்கொண்டு நிண்டார். நகத்துக்குள்ள கிடக்கிற கறுப்பு அண்டைக்கு வந்ததில்லை எண்டு குசினியில வேலை செய்யிற மனுசனுக்குத் தெரியாதே?

"எத்தினை வருஷம்?"

"மூண்டு."

"அண்ணிக்குத் தெரியும்."

"ஓம்."

அவர் கழட்டின டயரைத் தூக்கி வானுக்குள்ள வைச்சு, கதவை மெதுவாச் சாத்தினார். அந்த ரோட்டில முதல்முதல் நான் கேட்ட உண்மையான அமைதி அதுதான். பிறகு போனை எடுத்து, தங்கச்சிக்கு அழுத்தி, என்ர கறுப்புக் கையிலயே தந்தார். "எது உண்மையோ அதைச் சொல்லு."

சொன்னன். அவள் ஒரு நிமிஷம் கத்தினாள். "மூண்டு வருஷம் அண்ணா! மூண்டு வருஷம்!" பிறகு பிரஞ்சில ஏதோ சொன்னாள், சித்தப்பா முகத்தைச் சுழிச்சதில அது நல்ல சொல்லில்லை எண்டு விளங்கிச்சுது. "படிக்கிறதோ கேக் அடிக்கிறதோ எனக்குத் தெரியாது," எண்டன். "ஆனா எனக்காகப் படிக்காத. நானே எனக்காகப் படிக்கேல்லை." அவள் சிரிச்சாள். பிறகு அழுத மாதிரியும் கேட்டுது. போனைத் திருப்பிக் குடுத்திட்டன்.

"நான் அண்ணியிட்ட வாய் திறக்க மாட்டன்," எண்டார் சித்தப்பா. "எனக்குத் தெரியும் எண்டு நீ போய்ச் சொல்லு. பகிடி விடாமச் சொல்லு."

அந்த டயரோட மோட்டார்வேயால விட ஏலாது. மேப்பை எடுத்து, சின்ன ரோட்டால பாரிஸ் போற வழியைப் பேனையால கீறிக் குடுத்தன். எண்பதுக்கு மேல ஓடக்கூடாது எண்டு சத்தியம் வாங்கினன். அவர் மேப்பை விரிச்சுப் பாத்தார்.

"இந்தச் சிவப்புப் பொட்டுகள் என்ன? என்ர வீட்டிலயும் ஒண்டு கிடக்கு."

"கவனமா இருக்க வேண்டிய இடம், சித்தப்பா."

வீட்ட வந்து அண்டைக்கே அம்மாவிட்டச் சொன்னன். அவ வெங்காயம் வெட்டினபடி கேட்டா.

"ஏன்டா சொன்னனீ?"

"டயரில கம்பி தெரிஞ்சுதம்மா."

"டயரை மாத்திப்போட்டு வாயை மூடியிருக்கலாமே."

"எஞ்சினியர் எப்பிடி மண்ணில படுத்து டயர் மாத்திறான் எண்டு கேட்டா?"

"ஏன், எஞ்சினியருக்குக் கை இல்லையே?"

பிறகு ரெண்டு நாள் என்னோட கதையில்லை. போனும் எடுக்கேல்லை. பின்னேரங்களில போனை மேசையில குப்புற வைச்சுப்போட்டு ஜன்னலடியில இருப்பா. மூண்டு வருஷமா நான் பயந்தது அந்தக் குப்புறக் கிடந்த போனுக்குத்தான். 

மூண்டாம் நாள் அது அடிச்சுது. சித்தி. நான் கதவுக்குப் பின்னால நிண்டன். ஓம், ஒட்டுத்தான் கேட்டனான்.

"ஓம், தூள் கிடைச்சுதே... ஓம்." சித்தி ஏதோ கேட்டிருக்க வேணும். "இல்லை. எஞ்சினியர் இல்லை. டயர்க்கடையிலதான் நிக்கிறான். நான்தான் கூட்டிச் சொல்லிப்போட்டன்."

அந்தக் கடைசி வசனத்தைச் சொல்ல அம்மாவுக்கு எவ்வளவு போயிருக்கும் எண்டு எனக்குத் தெரியும். கதவில நெத்தியை வைச்சபடி நிண்டன். அங்கால சித்தி ஏதோ கன நேரம் சொன்னா. அம்மா மூக்கை உறிஞ்சினா, பிறகு சிரிச்சா. நம்பிக்கை போகேல்லை, அவையள் போனை வைக்கேல்லை. அது காணும் எண்டு நான் திரும்பிறன், பின்னால கேக்குது:

"ஆனா ஒண்டு சொல்லுறன், அந்தக் கடை இவனில்லாட்டி ஓடாது. முதலாளி இவனைக் கேக்காம ஒரு போல்ட்டும் கழட்டான்."

ரெண்டு கிழமையில கடையை எனக்கே தரப்போறார் எண்டு வந்திட்டுது. இப்ப கோட்டை. அதாலதான் எழுதினனான்.

எழுதி முடிச்சதைப் படம் எடுத்துக் கோயம்புத்தூர்க்காரனுக்கு அனுப்பினன். எல்லாம் எழுதிட்டன், ஒண்டு மட்டும் இன்னும் விளங்கேல்லை, பொட்டே இல்லாத அந்த ஏரியைச் சித்தப்பாவுக்கு ஆர் சொன்னது, போத்தில் ஐயாவோ, ஒல்லாந்துக்காரரோ, என்ர போனுக்குள்ள அம்மா ஏதும் பூட்டி வைச்சிருக்கிறாவோ எண்டு கேட்டன். ரெண்டு நிமிஷத்தில பதில் வந்துது:

"ஆன்ட்டி கேட்டாங்க, லொகேஷன் அனுப்பினேன், ரோல்ஸ் நல்லாத்தானடா இருந்துச்சு?"